பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து ஒரு சாண்

பரிதி பேசி முடித்த பிறகும் அருமைராஜ் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வலது காதில் இருந்ததை இடது காதுக்கு மாற்றி, மறுமுனையில் எவரும் இல்லாத அந்த வெறுமையை இரண்டு காதுகளாலும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்படிப் பார்த்ததற்காகத் தன்மீதே எரிச்சல் கொண்டு, அதைக் கட்டிலின் வெற்றுப் பலகைமீது வைத்தார். மெத்தை சுவரோரம் நிமிர்ந்து நின்றது. ஜன்னலுக்கு இரட்டைப் போர்வை. பீரோவின் கதவுகள் இரண்டும் அகலத் திறந்து, உள்ளே தொங்கும் புடவைகளும் அவருடைய பழைய கோட்டும் அறையின் எதிரொலியைக் குடித்துக்கொள்வதற்காக வெளியே முகம் காட்டிக்கொண்டிருந்தன. மின்விசிறி நின்று வெகு நேரமாகிவிட்டது. பெரம்பூரின் மே மாதப் பிற்பகல் அந்தப் போர்வைகளின் நெசவு வழியாகக்கூட உள்ளே இறங்கி, கழுத்திலிருந்து வியர்வையாக முதுகுத் தண்டில் வழிந்தது. இவ்வளவும் ஒரு கிட்டாருக்காக. பாட்டு தொடங்குவதற்குமுன் அரை நிமிடம் தனியாக ஒலிக்கவேண்டிய ஒரு கிட்டாருக்காக. கோவிச்சுக்காதீங்க சார், பல்லு கூசுது சார், என்றான் பரிதி. கண்ணாடித் தூளைக் காதுல கொட்டுன மாதிரி இருக்கு. பரிதி மரியாதை தெரிந்தவன், ஒலிப்பதிவு மேசையில் உட்கார்ந்து சொந்தக் கையால் எத்தனையோ படங்களைக் கலந்தவன், காரணமின்றி அப்படிச் சொல்லக்கூடியவன் அல்லன். ஆனால் அந்த வாக்கியத்தை அருமைராஜ் தாங்கிக்கொண்டிருப்பார். புதுக் கம்பி போட்டிருக்கேன் தம்பி, அதான் கொஞ்சம் துடிப்பா இருக்கும் என்று சிரித்துக்கூட வைத்தார். தாங்கமுடியாதது அதற்கு அடுத்ததாக, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவன் சொன்னது. நீங்க அனுப்புறது எப்பவுமே இப்படித்தானே சார் இருக்கும், ரெண்டு மூணு வருஷமா? நானே மேல இருக்குற கூர்மையக் கழிச்சிட்டுத்தான் உள்ள போடுவேன். இந்தத் தடவ நான் தொடுறதுக்கு முன்னாடியே மியூசிக் டைரக்டர் கேட்டுட்டாரு. அருமை சாரா வாசிச்சதுன்னு ரெண்டு வாட்டி கேட்டாரு சார். ஆறு மணிக்குள்ள இன்னொன்னு அனுப்பிடுங்க. இல்லாட்டி கீபோர்டுலயே கிட்டார் சத்தம் வச்சு முடிச்சுக்கலாம்னு சொல்றாரு.

ரெண்டு மூணு வருஷமா. அந்த மூன்று சொற்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றன. எதிரே, முக்காலியின் உயரத்துக்குத் தாழ்த்தப்பட்ட ஸ்டாண்டில் மைக் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எங்கே நிற்கவேண்டும் என்பதை அவர் எவரிடமும் கேட்டதில்லை. வட்டத்துளைக்கு நேரே வைத்தால் கிட்டார் பானைக்குள்ளிருந்து பேசும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னே வைத்தால் மரப்பெட்டியைத் தட்டும் சத்தம் முன்னால் வரும். கழுத்தின் குறுக்கே ஓடும் உலோகப் பட்டைகளில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எதிரே, கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கி, ஒரு சாண் தள்ளி வைத்தால் பெரும்பாலும் குற்றம் வராது என்பது புதிதாக மைக் வாங்குகிற எல்லோருக்கும் சொல்லித்தருகிற விதி. விதி, பெரும்பாலும், குற்றம் வராது: இந்தச் சொற்களை அவர் வாழ்நாள் முழுவதும் சற்று இளக்காரமாகவே பார்த்து வந்திருக்கிறார். ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு அறைக்கும் ஓர் இடம் இருக்கிறது; அது பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் இப்பாலோ அப்பாலோ இருக்கும்; அதைக் காதுதான் கண்டுபிடிக்கவேண்டும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வாசித்துக்கொண்டே, வலது கால் கட்டைவிரலால் ஸ்டாண்டின் காலை நெல்மணி அளவுக்கு நெல்மணி அளவு தள்ளிக்கொண்டே போவார். ஒரு புள்ளியில் கம்பி விழித்துக்கொள்ளும். அதுவரை திரைக்குப் பின்னாலிருந்து பேசியது, திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். அங்கே கால் நின்றுவிடும். இன்று காலையிலும் அப்படித்தான் நின்றது. எங்கே நின்றது என்பதை இப்போது, யாரோ ஒருவருடைய அறைக்குள் நுழைந்தவர்போல, குனிந்து பார்த்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு அருகில் எங்கும் இல்லை. மைக் வலது கைக்கு மிக அருகில், நகம் கம்பியைக் கீறுகிற இடத்தை முகர்ந்து பார்ப்பதுபோல நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் அல்ல, நான்கு விரல்கூட இராது. அந்த இடத்தில் மைக்கை வைத்து ஒரு மாணவன் வாசித்திருந்தால் அவரே அவனிடம், என்னப்பா, ஊசியா குத்துது என்று சொல்லியிருப்பார்.

அப்படியானால் கம்பி, என்று எண்ணினார். கம்பிதான். சென்ற ஆண்டிலிருந்து வருகிற கம்பிகளில் சரக்கு இல்லை. போட்ட மறுவாரமே ஒளி போய்விடுகிறது. அதனால்தான் அடிக்கடி மாற்றவேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு செட் கம்பி ஒரு படம் முடியும்வரை வருமே. அல்லது மைக். பழைய மைக் மழுங்கிவிட்டது என்றுதானே அதை விற்றுவிட்டு இதை வாங்கினார். வாங்கிக்கொண்டு போனவன் இன்றுவரை ஒரு குறையும் சொல்லவில்லை என்பதை ஏன் இப்போது நினைக்கவேண்டும்? அல்லது அறை. கடற்காற்றில் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கலாம். கம்பி, மைக், அறை, ஈரம், நான்கையும் ஒருவர்பின் ஒருவராகச் சாட்சிக் கூண்டில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும்போதே, ஐந்தாவதாக ஒன்று வெளியே பெஞ்சில், அழைப்புக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. அதன் பக்கம் திரும்பாமல் இருப்பதற்காக டீக்கடையை நினைத்தார். சென்ற தீபாவளிக்கு வந்த படத்தின் பாட்டு பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் ஓடியபோது தன் கிட்டாரைத் தானே அடையாளம் காணாமல் நின்றதும், போர்வைக்குள் சுருட்டிவிட்டார்களே என்று பரிதியின்மேல் உள்ளூரக் கொதித்ததும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கம்பியின் மினுக்கம் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று அதை மனைவி பிளாரன்ஸிடம் சொல்லி அங்கலாய்த்ததும் நினைவுக்கு வந்தன. பிளாரன்ஸ் அப்போது ஒரு ரவிக்கையின் கைக்குழியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நல்லாத்தானே இருக்கு, என்றாள். உனக்கென்ன தெரியும், என்றார் அவர். அவளுக்கு எல்லாப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் போர்வைக்குள்ளிருந்து கேட்டதுதான் உலகத்துக்கெல்லாம் கிட்டாராகக் கேட்டிருக்கிறது. டீக்கடைக்காரன், பேருந்துக்குக் காத்திருந்தவர்கள், பிளாரன்ஸ், எல்லோரும் ஒரு கிட்டாரைக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் அதன் வேறொரு வடிவத்தை, தேய்ந்து விளிம்பு போன ஒரு வடிவத்தை, மூலம் என்று நம்பிக்கொண்டு நின்றிருக்கிறார்.

வேதமாணிக்கம் மாஸ்டர். இல்லை, அவரை நினைக்கக்கூடாது. ஆனால் வந்துவிட்டார், வயலின்காரர்களின் கடைசி வரிசையில், சட்டையின் மேல்பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு, வில்லை மார்போடு அணைத்துப் பிடித்தபடி வந்து உட்கார்ந்துவிட்டார். நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த காலம் அது. மாஸ்டருக்குக் காது போயிற்று என்பது வாசித்தவர்கள் எல்லோருக்கும், டீ கொண்டுவருபவனுக்கும், வெளியே செருப்புகளுக்குக் காவலிருந்தவருக்கும் தெரிந்திருந்தது. மாஸ்டருக்கு மட்டும் தெரியாது. முன் வரிசையிலிருந்து இரண்டாவதுக்கும் அங்கிருந்து கடைசிக்கும் அவர் வந்து சேர்ந்ததை, வயதில் சின்னவர்களுக்கு இடம் விட்டுக்கொடுத்ததாகவே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பதிவு தொடங்குமுன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு மேசையில் இருப்பவர் ஒருமுறை கைவிரலைக் கீழ்நோக்கிச் சாய்ப்பார். மாஸ்டரின் மைக் மூடப்படும். முடிந்ததும், மாஸ்டர் பிரமாதம், என்று அதே ஆள் ஒலிபெருக்கியில் சொல்வார். மாஸ்டர் எழுந்து பாதி வணங்குவார். எவ்வளவு நல்லவர்கள், எவ்வளவு மரியாதை! அந்த மரியாதையைத்தான் இப்போது அருமைராஜ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நானே கழிச்சிட்டுத்தான் உள்ள போடுவேன். சூப்பர் சார். பிரமாதம் சார். சென்ற பொங்கலுக்குப் பரிதி வீட்டுக்கு வந்து காலைத் தொட்டு வணங்கியபோது, அந்தக் குனிதலில் இரக்கம் எவ்வளவு இருந்தது? தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் கீதங்களுக்கு அவர் வாசிக்கும்போது பாடகர் குழுவின் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்களே, அது எதற்கான சிரிப்பு? ஒருவேளை தேவாலயத்திலும் மைக் மூடித்தான் இருந்ததோ? ஒரு மனிதனைச் சுற்றி எத்தனை விரல்கள் கீழ்நோக்கிச் சாய்ந்தன என்பதை அவன் எப்படிக் கண்டுபிடிப்பது? எவரிடம் கேட்டாலும், சேச்சே, அதெல்லாம் இல்லையே என்றுதானே சொல்வார்கள். வேதமாணிக்கம் மாஸ்டர் கேட்டிருந்தால் தானும் அதைத்தானே சொல்லியிருப்பார்?

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காதருகே கொண்டுவந்து உரசினார். உரசுவது தோலுக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரிந்ததா, அல்லது தோலுக்குத் தெரிந்ததைக் காது தனதென்று சொல்லிக்கொண்டதா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு சத்தம் கேட்கவில்லை என்பதைக் கேட்பது எப்படி? இருட்டு என்றால் கண் அதைப் பார்க்கிறது. இது இருட்டும் அல்ல. எதிர்வீட்டு முருங்கையில் அணில்கள் கத்திக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்தார். அணில்கள் இருக்கின்றன, வாலை உயர்த்தி உயர்த்தி உடம்பு குலுங்க அவை எதையோ செய்கின்றன. அதைப் பார்த்திருக்கிறார், நேற்றுக்கூட. அந்தக் குலுங்கலோடு ஒரு சத்தம் உண்டு அல்லவா? சாவிக்கொத்து மேசையில் விழும்போது அதன் முனையில் மின்னுமே ஒன்று, அது? மழைக்குப் பிந்திய பூச்சிகள்? கால்வாயை மூடினதிலிருந்து கொசு சுத்தமாக இல்லை என்று அவர் சென்ற மாதம் மகிழ்ச்சியோடு சொன்னபோது பிளாரன்ஸ் அவரை ஒருகணம் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, அவருடைய கையைப் பிடித்துத் திருப்பி, முழங்கைக்குக் கீழே வரிசையாகத் தடித்திருந்ததைக் காட்டி, அப்ப இதெல்லாம் நான் கிள்ளுனதா, என்றாள். அவர் சிரித்தார். இருவரும் சிரித்தார்கள். இப்போது அந்தச் சிரிப்பின் நடுவில் ஒரு துளை தெரிந்தது. காதோரம் வந்து பாடிவிட்டுத்தான் கொசு கடிக்கும், அவருக்கு அது பாடாமலே கடித்திருக்கிறது. சரி, விதிப்படியே வைத்துவிடலாமே, என்று திடீரென்று ஒரு வழி திறந்ததுபோல் எழுந்தார். காது வேண்டாம். சாண் போதும். மைக்கைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எதிரே நகர்த்தி, கையை விரித்து அளந்து, கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி லேசாகத் திருப்பிவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வாசித்தார். செத்த கிட்டார். ஈரத் துணியை அடித்துத் துவைப்பதுபோல், உள்ளே யாருமில்லாத வீட்டைத் தட்டுவதுபோல். இதையா அனுப்புவது? எந்த இடத்தில் அழுத்துகிறோம், எங்கே தளர்த்துகிறோம் என்பதே தெரியாமல் விரல்கள் தடுமாறின. தெரியாததால் இன்னும் பலமாக அடித்தன. நான்காவது வரிக்கு வருவதற்குள் அவருடைய வலது கால், அவரைக் கேட்காமல், ஸ்டாண்டைத் தேடி நீண்டு அதைப் பழைய இடத்துக்கு இழுக்கத் தொடங்கியிருந்தது. அவர் குனிந்து தன் காலையே பார்த்தார். வேறொருவருடைய கால்போல, திருட்டுத்தனமாக, கட்டைவிரலை மட்டும் மடக்கி அது இழுத்துக்கொண்டிருந்தது.

கதவின் கைப்பிடியில் துண்டு தொங்கினால் உள்ளே பதிவு நடக்கிறது என்பது அந்த வீட்டு வழக்கம். துண்டு தொங்கும் நேரமெல்லாம் தையல் இயந்திரம் ஓடாது, குக்கர் ஏறாது, அழைப்பு மணியின் சுவிட்சுகூட அணைந்திருக்கும். இன்று துண்டு காலையிலிருந்து தொங்கியது. பிளாரன்ஸ் கதவை விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, அந்த இடைவெளியில் முதலில் தன் மூக்கையும் பிறகு முகத்தையும் வைத்தாள்.

"உயிரோட இருக்கீங்களா? சத்தமே காணோம். அஞ்சாம் வீட்டு வசந்தா மூணு தடவ வந்துட்டா, நாளைக்குக் கல்யாணமாம், ரவிக்கை கேக்குறா. உங்க பாட்டு முடியலன்னா அவ கல்யாணம் நிக்கும்போல."

"முடிஞ்சிரும்."

"மெத்தைய நிக்க வச்சு, பீரோவத் தொறந்து போட்டு... திருடன் வந்தாக்கூட இப்படிப் பண்ணமாட்டான்." உள்ளே வந்தவள் முந்தானையால் அவருடைய பிடரியைத் துடைத்தாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு அறையின் மூலையைப் பார்த்தாள். "அந்தச் சனியன அமத்தக்கூடாதா? காலையிலேர்ந்து மண்டைக்குள்ள ஊசி நூல் கோத்துக்கிட்டு இருக்கு. ஹால் வரைக்கும் கேக்குது."

"எத?"

"லேப்டாப்பு சார்ஜரத்தான். கீ...ன்னு கத்துதே. ஏதோ ரெக்கார்டிங்குக்கு வேணும்னு விட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

சார்ஜர் அவருடைய முக்காலியிலிருந்து ஒரு முழத்தில், மெத்தையின் ஓரத்தில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். அது ஒரு கறுப்புக் கட்டியாக, எந்தச் சத்தமும் இன்றி, ஒரு சிறிய பச்சை விளக்கோடு அவரைத் திரும்பப் பார்த்தது. ஆமா, ஆமா, அதுவா, என்றார் அவர்; கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்பதுபோல் தலையை ஆட்டினார்; அந்த ஆட்டல் வேதமாணிக்கம் மாஸ்டரின் பாதி வணக்கம்போல் தன் கழுத்தில் தானே அமர்வதை உணர்ந்தார். எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்குவதற்குமுன் இருந்த அறைக்கும் பிடுங்கின பின் இருந்த அறைக்கும் இடையில் ஒரு நூலிழைகூட வேறுபாடு இல்லை. அப்பாடா, என்றாள் பிளாரன்ஸ், தோள்கள் இறங்க. அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் முகத்திலிருந்து வலி போவதைப் பார்த்தபடி அவர் நின்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இப்போது எழுந்து உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது. இன்னும் ஒரு வழி இருந்தது. காய்ச்சல் என்று பரிதிக்குச் சொல்லிவிடலாம். விரலில் வெட்டு என்று சொல்லலாம். கீபோர்டிலேயே முடித்துக்கொள்ளட்டும், அதற்கடுத்த படத்துக்கும் விரலில் வெட்டு, பிறகு யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் கேட்காத ஒரு நல்ல கிட்டார்க்காரராகக் கடைசிவரை இருந்துவிடலாம். பிளாரன்ஸ் கதவை நோக்கித் திரும்பினாள். அவள் கை துண்டின்மேல் போயிற்று.

"பிளாரன்ஸ்," என்றார். "கொஞ்சம் உக்காரேன். இத மாட்டிக்கோ."

ஹெட்ஃபோனை அவளிடம் நீட்டினார். அவள் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானா? எனக்கென்ன தெரியும்?"

அதை அவள் தலையில் வைத்து, கொண்டையில் சிக்கிய பட்டையை விடுவித்து, காதுகளின்மேல் சரிசெய்தார். அவள் கையைப் பிடித்து மைக் ஸ்டாண்டின்மேல் வைத்தார். "நான் வாசிக்கிறேன். நீ இத மெதுவா நகத்திக்கிட்டே வா. குத்துச்சுன்னா தள்ளிப் போ. அடச்ச மாதிரி இருந்தா கிட்ட வா. எந்த எடத்துல நல்லா இருக்கோ அங்க நிறுத்து."

"எது நல்லா இருக்குதுன்னு நான் எப்படிங்க சொல்றது?"

"உனக்கு எப்படி இருக்குதோ அதான்."

அவர் வாசித்தார். அவள் ஸ்டாண்டை, துணியின்மேல் கோடு போடும் சாக்குக்கட்டியை நகர்த்துவதுபோல், நாக்கு நுனியைப் பல்லிடை வைத்துக்கொண்டு நகர்த்தினாள். ஒருமுறை முகம் சுளித்தாள்; பின்வாங்கினாள். வட்டத்துளையை நெருங்கியபோது, அய்யய்ய, குடத்துக்குள்ள போயிருச்சு, என்று, ஹெட்ஃபோன் மாட்டியவர்கள் பேசுவதுபோலச் சத்தமாகச் சொன்னாள். மீண்டும் பின்வாங்கினாள். ஹெட்ஃபோன் இல்லாத அவருக்கு எல்லா இடமும் ஒன்றாகத்தான் இருந்தது. கையால் வாசித்துக்கொண்டு கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார். கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் அவள் கை நின்றது. புருவங்கள் விரிந்தன. எத்தனையோ ஆண்டுகளாகப் பக்கத்து அறையில் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சுவர் வழியாகக் கேட்டதை முதன்முறையாக அருகில் கேட்பவளுடைய முகம் அது. பிறகு அந்த முகத்தில் வேறொன்று மெல்ல ஏறியது. பிளக் பிடுங்கப்பட்டுக் கிடந்த சார்ஜரைப் பார்த்தாள்; அவர் முழங்கையைப் பார்த்தாள்; அவர் கண்களைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்துங்க?" என்றாள்.

"தெரியல," என்றார் அவர். அது உண்மை. காது போன நாள் எதுவென்று போனவனுக்குத் தெரிய வழியில்லை. "ரெக்கார்ட போடவா?"

அவள் தலையசைத்தாள். அவர் விசையை அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்து, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, அந்தச் செத்த கிட்டாரை வாசிக்கத் தொடங்கினார். எங்கே மினுக்கம் இருக்கிறது என்று தேடவில்லை. தேடினால் கை பலமாக அடிக்கும். விரல்கள் எத்தனை ஆண்டுகள் தெரிந்து வைத்திருந்தனவோ அந்த அழுத்தத்தை மட்டும் நம்பி, முன்னால் கடலா தரையா என்று பாராமல் நடப்பவரைப்போல், வரி வரியாகப் போனார். ஒரு திருப்பத்தில் அவள் இமை துடித்தது. அங்கே விரல் கம்பியில் வழுக்கியிருக்கவேண்டும். அடுத்த சுற்றில் அந்த இடத்தில் விரலைச் சற்று உயர்த்தி எடுத்தார், இமை துடிக்கவில்லை. முடிவில், முதல் கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டி எழுப்பவேண்டிய அந்தத் தனி மணியோசை. மீட்டினார். மணியோசை எழுந்ததை விரல்நுனி சொன்னது. காதில் ஒரு கணம் ஏதோ நிழல்போல் விழுந்து, உடனே அணைந்துவிட்டது. கடைசி ஓசை முழுவதும் அடங்கும்வரை வாசித்தவன் மூச்சு விடக்கூடாது, நாற்காலி முனகக்கூடாது. அடங்கிற்று என்று அவன் கையைத் தாழ்த்தும்போதுதான் பதிவு நிற்கும். இத்தனை காலமும் அந்தக் கையைத் தாழ்த்தியவர் அவர்தான். இப்போதும் அது தாழத் தொடங்கியது, ஏனென்றால் அறையில் ஒன்றும் இல்லை, வெப்பம் மட்டும். ஆனால் எதிரே பிளாரன்ஸ் கண்களை மூடிக்கொண்டு, உதடுகள் லேசாகத் திறந்திருக்க, வெகு தொலைவில் செல்லும் ஒன்றைத் தலையைச் சாய்த்துத் தொடர்ந்துகொண்டிருந்தாள். கண்ணைத் திறவாமலே அவள் தன் இடது கையை, இன்னும் இல்லை என்பதுபோல், மெல்ல உயர்த்தினாள். அவர் கை அந்தரத்தில் நின்றது. வியர்வை புருவத்திலிருந்து கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. அவர் அசையாமல், அவள் கை எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.